தெருவிலிருந்து தெரியும் மலை



பழைய ஊர்களைக் காப்பது பற்றிப் பேசும்படி இந்த அறக்கட்டளையார் கேட்டுக்கொண்டார்கள். பொதுப்படையாகப் பேசினால் நாம் எல்லோரும் ஒத்துக்கொண்டு கலைந்துவிடுவோம். அதனால் ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானின் மலைநாட்டில் இருக்கும் சுமாகோ. ஒரு கிலோமீட்டர்கூட நீளாத தெரு. அரண்மனை இல்லை, பேர்பெற்ற பெருங்கோயில் இல்லை. வழிப்போக்கர்கள் இராத்தங்கிப் போன சத்திரங்களும், அவற்றை நம்பிப் பிழைத்தவர்களின் மரவீடுகளும்தான். ஆனால் பழைய தெருக்களைக் காப்பது எப்படி என்று ஜப்பான் கற்றுக்கொண்டது பெரிய அளவில் இந்த ஊரிடமிருந்துதான். அந்தப் பாடத்தில் ஒரு பகுதியை மற்ற ஊர்கள் இன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

ஹொன்ஷு தீவின் நடுவே, நாகானோ மாகாணத்தின் தென்மேற்கு மூலையில், கிசோ ஆறு மலைகளை அறுத்துக்கொண்டு இறங்குகிறது. பள்ளத்தாக்கு மிகவும் குறுகல். வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். நெல் விளையும் சமநிலம் கையகலம்தான். இன்று சுமாகோ அடங்கியிருக்கும் நாகிசோ நகராட்சியின் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் காடு. இப்படிப்பட்ட இடத்தில் ஊர் உண்டானதற்கு ஒரே காரணம் சாலை.

1600-இல் செக்கிகாஹாரா போரில் வென்ற தொகுகாவா இயேயாசு, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் நாட்டின் பெருவழிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். எதோவிலிருந்து, அதாவது இன்றைய தோக்கியோவிலிருந்து, கியோத்தோவுக்கு இரண்டு வழிகள். கடலோரமாகப் போவது தொக்கைதோ. மலைகளுக்கு ஊடே போவது நகாசெந்தோ. ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளமுள்ள நகாசெந்தோவில் 69 தங்கல் ஊர்கள். எதோவிலிருந்து எண்ணினால் சுமாகோ 42-ஆவது, மாகோமே 43-ஆவது. கிசோ பள்ளத்தாக்குக்குள் மட்டும் பதினொன்று.

தங்கல் ஊர் என்றால் சோறும் பாயும் விற்கும் ஊர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. அது அரசாங்கத்தின் அஞ்சல் ஏற்பாட்டில் ஒரு கண்ணி. அதிகாரிகளின் மூட்டைகளையும் கடிதங்களையும் அடுத்த ஊர் வரை கொண்டுசேர்க்க, கிசோ ஊர் ஒவ்வொன்றும் 25 ஆட்களையும் 25 குதிரைகளையும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். தேவை கூடினால் சுற்றுக் கிராமத்து உழவர்கள் ஏரை விட்டுவிட்டு வரவேண்டும். பிரபுக்கள் தங்க ‘ஹொன்ஜின்’ என்ற தலைமை மாளிகை. அது நிறைந்துவிட்டால் ‘வாகிஹொன்ஜின்’. மற்றவர்களுக்குச் சாதாரண விடுதிகள். 1843-ஆம் ஆண்டுக் கணக்கில் சுமாகோவில் 83 வீடுகள், 418 பேர். வீடுகளில் 31 விடுதிகள். ஐந்து வீட்டுக்கு இரண்டு வீடு விருந்தினரை நம்பி இருந்தது என்று கணக்கு. 1861-இல் பேரரசரின் தங்கை கசுனோமியா, நாட்டை ஆண்ட படைத்தலைவரான சோகுனை மணப்பதற்காக இந்த வழியாக எதோவுக்குப் போனார். ஆயிரக்கணக்கானோர் கொண்ட அந்த ஊர்வலத்தை 400 பேர் கொண்ட ஓர் ஊர் வரவேற்று, ஊட்டி, சுமந்து அனுப்பியது. வரலாற்று நூல்களில் அது இளவரசியின் பயணம். மூட்டை சுமந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் தெருவைப் பார்க்க வேண்டும்.

தெருவின் வடிவமே அரசாட்சியின் பதிவுதான். ஊருக்குள் ஓரிடத்தில் பாதை சட்டென்று இரண்டு முறை மடங்குகிறது. எதிரிப் படை நேராக உள்ளே ஓடிவர முடியாதபடி வேண்டுமென்றே வைத்த மடக்கு அது, ‘மாசுகாதா’ என்பார்கள். நுழைவாயில் பக்கம் அரசாணைகளை எழுதித் தொங்கவிட்ட பலகை மேடை. வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. மேல்தளத்தின் உத்தரங்கள் சுவரைத் தாண்டி வெளியே நீண்டு, அதன்மேல் மாடி முன்னுக்குத் தள்ளி நிற்கும். கீழே நடப்பவர்களுக்கு மழையிலும் பனியிலும் அது ஒதுங்கிடம். தெருப்பக்கம் முழுதும் மெல்லிய மரச்சட்ட அழிகள்: உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. பழைய கூரைகள் ஓடு வேய்ந்தவை அல்ல. பிளந்த மரப்பலகைகளை அடுக்கி, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஆற்றுக் கற்களை வரிசையாக வைத்திருப்பார்கள்.

எல்லாம் மரம். ஆனால் எந்த மரம் என்று கேட்டால் கதை மாறுகிறது.

கிசோ மலைகளின் பெருஞ்செல்வம் ஹினோக்கி என்னும் ஊசியிலை மரம். நேராக வளரும், மணக்கும், எளிதில் உளுக்காது, நூற்றாண்டுகள் தாங்கும். இசே பெருங்கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டும் வழக்கம் இருக்கிறது. அதற்கான மரங்களில் பெரும்பகுதி பல தலைமுறைகளாகக் கிசோ மலையிலிருந்துதான் போகிறது. 2033-இல் நிறைவுபெறவிருக்கும் அடுத்த கட்டுமானத்துக்கான முதல் மரங்களை, 2025 ஜூன் மாதம் பள்ளத்தாக்கின் மேல்பக்கத்தில் உள்ள அகெமாத்சுவில் கோடரியால் வெட்டினார்கள்.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டைகளுக்கும் புதிய நகரங்களுக்கும் வேண்டி இந்த மலைகளை மொட்டையடித்துவிட்டார்கள். இந்த மலைகளை ஆண்டுவந்த ஓவாரி சிற்றரசு விழித்துக்கொண்டு, 1665-இல் காட்டு நிர்வாகத்தைத் தன் நேரடிக் கையில் எடுத்தது. சில மலைகளுக்குள் யாரும் கால்வைக்கக் கூடாது. வேட்டைக்குப் பழக்கும் வல்லூறுகள் கூடு கட்டும் மலைகளும் அப்படியே. மிச்ச மலைகளில் ஊரார் விறகும் புல்லும் எடுக்கலாம்; ஆனால் ஹினோக்கி, சவாரா, அசுனாரோ, கோயாமாகி, நெசுகோ ஆகிய ஐந்து மரங்களைத் தொடக் கூடாது. ஒரு மரத்துக்கு ஒரு தலை என்று அந்தக் கட்டளையை மக்கள் சுருக்கிச் சொல்லிவைத்தார்கள். சுமாகோவிலிருந்து மாகோமே போகும் மலைப்பாதையில், மரத்துக்கென்றே ஒரு சோதனைச் சாவடி 1869 வரை இருந்தது. கடந்துபோகும் சிறு மரச்சாமானில்கூட அனுமதி முத்திரை இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள்.

அந்த ஆணைகள் காட்டைக் காப்பாற்றின, மறுக்க முடியாது. இன்று காட்டுக் குளியல் என்று உலகம் முழுதும் பேசப்படும் பழக்கத்துக்கு 1982-இல் முதன்முதலாக மக்களைக் கூட்டிச்சென்ற இடம் அகெமாத்சுவின் அகாசாவா ஹினோக்கிக் காடு. 17-ஆம் நூற்றாண்டு வெட்டுக்குப் பிறகு விட்டுவைத்ததால் எழுந்த மரங்கள் அவை. ஆனால் யார் செலவில் காப்பாற்றின என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் முற்றத்துக்கு மேலே ஆயிரம் ஹினோக்கி நிற்க, மனிதன் மட்டமான மரத்தில் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்த மலை இது.

சுமாகோவின் வாகிஹொன்ஜின், ‘ஓகுயா’ என்று பெயர், இந்தக் கதையைக் கட்டடமாகவே சொல்கிறது. ஹயாஷி குடும்பத்தாருடைய இந்த வீட்டை இன்றைய வடிவில் கட்டியது 1877-இல். சோகுனாட்சி விழுந்து, தடை நீங்கி, சில ஆண்டுகளே ஆகியிருந்தன. குடும்பத்தார் செய்த முதற்காரியம், தலைமுறைகளாகத் தொடக் கூடாதிருந்த ஹினோக்கியால் வீடு முழுவதையும் இழைத்தது. நடுக்கூடத்தில் அடுப்புக்குழி, குளிர்காலத்தில் உயரமான அழி ஜன்னல் வழியாகச் சாயும் வெயில் புகையில் பட்டுக் கோடுகோடாக நிற்கும். பார்க்க வருபவர்கள் அந்த ஒளியைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் அங்கே நின்றபோது என் கண் தூண்களைவிட்டு அகலவில்லை. ஒவ்வொரு தூணும், தொட்டால் தலை போயிருக்கும் என்ற காலத்துக்குக் கொடுத்த பதில்.

அந்தக் காலத்தின் மறுபக்கம் அடுத்த ஊரில் இருக்கிறது. மாகோமேயின் ஹொன்ஜின் குடும்பத்தில் 1872-இல் பிறந்தவர் நாவலாசிரியர் ஷிமாசாகி தோசோன். அவருடைய தாய் பிறந்த வீடு சுமாகோவின் ஹொன்ஜின். தந்தை மாசாகி, புதிய அரசு வந்தால் மலை மக்களுக்குத் திரும்பும் என்று நம்பினார். நடந்தது வேறு. சோகுனாட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு, முன்பு ஊரார் விறகெடுத்த மலைகளையும் சேர்த்து அரசுடைமை ஆக்கிக் கதவடைத்தது. மக்கள் பக்கம் நின்று மனுக்கொடுத்த மாசாகி பதவியை இழந்தார். கடைசியில் மனம் பேதலித்து, வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட நிலையில் 1886-இல் இறந்தார். அவரை முன்மாதிரியாக வைத்துத் தோசோன் 1929 முதல் 1935 வரை தொடராக எழுதிய ‘விடியலுக்கு முன்’ நாவலைப் படித்த எவரும் கிசோ மலையை வெறும் அழகு என்று பார்க்க மாட்டார்கள். தெருவுக்கும் காட்டுக்கும் உள்ள உறவு இங்கே உரிமையின் வரலாறு.

இனி வீழ்ச்சி. அதை விரைவாகக் கடந்துவிடலாம். 1892-இல் கிசோ ஆற்றை ஒட்டிப் புதுச்சாலை போட்டார்கள். மாகோமே கணவாயை ஏறி இறங்கிப் போகும் பழைய வழியில் ஆள்நடமாட்டம் அற்றது. 1911-இல் சூவோ ரயில்பாதை முழுமையடைந்தது. அதுவும் ஆற்றோரமே, நிலையம் சுமாகோவிலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர் தள்ளி. விடுதிகள் மூடின. வளர்ச்சி சுற்றிப்போனதால் பழைய வீடுகள் தப்பின என்று சொல்வது வழக்கம். பாதி உண்மைதான். இடிப்பதற்குப் பணம் இல்லாததால் நின்றன; ஓட்டை அடைக்கப் பணம் இல்லாததால் மக்கிக்கொண்டும் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளைஞர்கள் நகோயாவுக்கும் தோக்கியோவுக்கும் போனார்கள். 1961-இல் சுமாகோ இருந்த அசுமா கிராமம் மற்ற இரண்டு கிராமங்களோடு இணைந்து நாகிசோ ஆயிற்று. ஊர் கரைந்துகொண்டிருந்தது.

அப்போது நாட்டில் இருந்த சட்டங்கள் இந்த மாதிரி ஊருக்கு உதவக்கூடியவை அல்ல. 1949 ஜனவரியில் ஹோர்யூஜி கோயிலின் பொன்மண்டபத்தில் தீப்பிடித்துச் சுவரோவியங்கள் கருகின. அந்த அதிர்ச்சியில் பிறந்தது 1950-ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம். அதன் பார்வையில் காக்கத்தக்கது தனிக் கட்டடம்: ஒரு கோயில், ஒரு கோட்டை, ஒரு பெரிய வீடு. 1966-இல் பழந்தலைநகரங்களுக்கென ஒரு சட்டம் வந்தது. அது கியோத்தோ, நாரா, காமாகுரா போன்ற இடங்களுக்கு. பேரில்லாத ஊரின் பேரில்லாத வீடுகள் வரிசையாக நிற்கும்போது அந்த வரிசைக்கு ஒரு மதிப்பு உண்டு என்று சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை.

சுமாகோவில் தொடங்கியது எளிய வேலையில். 1960-களின் நடுவில் பள்ளிப் பெற்றோர் சங்கத்தாரும் ஊர்க்காரர்களும் வீட்டுப் பரண்களில் கிடந்த பழைய பாத்திரங்களையும் உழவுக் கருவிகளையும் பத்திரங்களையும் வெளியே போகவிடாமல் சேர்த்துவைக்க ஆரம்பித்தார்கள். ஓகுயா அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஓதா ஹிரோதாரோ வந்து ஊரை ஆராய்ந்தார். நகராட்சி அலுவலகத்தில் இருந்த கொபாயாஷி தோஷிஹிகோ வீடு வீடாகப் பேசினார். 1968-இல் மெய்ஜி மறுமலர்ச்சியின் நூற்றாண்டு. நாகானோ மாகாண அரசு கொண்டாட்டப் பணத்தைத் தெராஷிதா என்ற தெருப்பகுதியைச் சீரமைக்கக் கொடுத்தது. அந்த ஆண்டே ‘சுமாகோவை நேசிப்போர் சங்கம்’ எழுந்தது. ஊரின் எல்லா வீடும் அதில் உறுப்பு.

சீரமைப்பு மூன்று ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட வீடுகளைத் தொட்டது. இடையில் வந்த கண்ணாடிக் கதவுகளை எடுத்துவிட்டு அழிகளைத் திரும்ப வைத்தார்கள். இதை நாடக அரங்கு என்று குறைசொன்னவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது: ஒரு தெரு ஐம்பது ஆண்டில் தானாக ஏற்றுக்கொண்ட மாற்றத்தை அழித்துப் பழைய முகத்தை ஒட்டுவது வரலாறா? தூண்களில் இருந்த துளைகளையும் வெட்டுத் தடங்களையும் படித்து, எங்கே எது இருந்தது என்று பார்த்து வைத்தார்கள் என்பது ஒரு பதில். எனக்கு அதைவிட முக்கியமான பதில், அழிக்குப் பின்னால் மக்கள் குடியிருந்தார்கள் என்பது. அடுப்பங்கரையும் குளியலறையும் அவரவர் காலத்துக்கு ஏற்றபடி மாறின. தெருமுகத்தை ஊருக்குக் கொடுத்துவிட்டு வீட்டு உட்புறத்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். இந்தப் பங்கீடு நேர்மையானது என்றே சொல்வேன்.

1970 அக்டோபரில் ஜப்பான் தேசிய ரயில்வே, நாட்டைக் கண்டறியுங்கள் என்று பெரிய விளம்பர இயக்கத்தைத் தொடங்கியது. புதிதாக வந்த பெண்கள் பத்திரிகைகள் கிசோ பாதையைப் படம்படமாகப் போட்டன. இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னாலேயே பணமும் வந்தது: நிலம் கேட்டு, கடை போட, விடுதி கட்ட. எழுபது எண்பது ஆண்டு வறுமைக்குப் பிறகு முதல்முறையாகத் தன் வீட்டுக்கு விலை கிடைக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்த நேரம் அது.

அந்த நேரத்தில்தான், 1971-இல், ஊரார் ஒரு குடிமக்கள் சாசனம் எழுதினார்கள். அதில் மூன்று விதிகள்: விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்கமாட்டோம். வெளி முதலீட்டை உள்ளே விடக் கூடாது என்பதே அதன் குறி. இடிக்கமாட்டோம் என்று பழமையைக் காப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். மற்ற இரண்டும்தான் கடினம். இடியாமல் நிற்கும் வீட்டையே ஒரு நிறுவனம் வாங்கி, குடியிருந்தவரை வெளியேற்றி, பொம்மைக் கடையாக்கலாம். வீடு அப்படியே இருக்கும், ஊர் போய்விடும். இதைப் பணம் வந்தபின் அல்லாமல் வாசலில் நிற்கும்போதே கண்டுகொண்டார்கள். பள்ளத்தாக்குகளுக்கு அப்பால், புல்வேய்ந்த பெரிய கூரை வீடுகளுக்குப் பேர்போன ஷிராகாவாவின் ஓகிமாச்சி மக்களும் அதே ஆண்டு அதே மூன்று விதிகளை ஏற்றார்கள். அந்த ஊர் 1995-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

சங்கத்துக்குள் ஒரு கட்டுப்பாட்டுக் குழு உண்டு. ஜன்னலை மாற்ற வேண்டுமா, பெயர்ப்பலகை வைக்க வேண்டுமா, புதிதாக என்ன கடை வைக்கப்போகிறார்கள் என்பது வரை அதன்முன் போக வேண்டும். மின்கம்பங்கள் வீடுகளின் பின்புறம் போயின. பகல் நேரத்தில் வண்டிகள் தெருவுக்குள் வருவதில்லை. ஜப்பானில் எந்த மூலையிலும் கண்ணில் படும் தானியங்கிப் பான விற்பனைப் பெட்டி இந்தத் தெருவில் தெரிவதில்லை. வெளியே வண்டி நிறுத்துமிடங்களில் வசூலாகும் கட்டணம் பாதுகாப்புச் செலவுக்கு உதவுகிறது. சின்ன ஏற்பாடு, ஆனால் பார்க்க வருபவரே பராமரிப்புக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இனி, மற்ற ஊர்கள் இன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்தப் பாடப் பகுதிக்கு வருகிறேன்.

1973-இல் நாகிசோ நகராட்சி, சுமாகோவைக் காக்கத் தனி விதித்தொகுப்பு இயற்றியது. அதில் மூன்று வகை நிலம். முதலாவது தங்கல் ஊரின் தெரு. இரண்டாவது, பழைய பாதையோரம் இருக்கும் சிற்றூர்களும் வயல்களும். மூன்றாவது இயற்கைக் காட்சி: தெருவில் நிற்பவர் கண்ணுக்குப் படும் மலைச்சரிவுகள். 1975-இல் நாட்டின் சட்டம் திருந்தி, மரபுக் கட்டடத் தொகுதிகளுக்கென ஒரு பிரிவு வந்தது. 1976-இல் முதன்முதலாகத் தேர்ந்த ஏழு இடங்களில் சுமாகோ ஒன்று. மற்றவை: சாமுராய் தெருக்கள் உள்ள காகுனோதாதே, ஷிராகாவாவின் ஓகிமாச்சி, கியோத்தோவில் இரண்டு பகுதிகள், ஹாகியில் இரண்டு பகுதிகள். இன்று இப்படிப்பட்ட இடங்கள் நாடு முழுதும் 120-க்கும் மேல். பெரும்பாலானவை சில ஹெக்டேர் முதல் சில பத்து ஹெக்டேர் வரை. சுமாகோவின் பாதுகாப்பு எல்லை 1,245 ஹெக்டேர். மூவாயிரம் ஏக்கருக்கும் மேல். எல்லாவற்றிலும் மிகப் பெரியது, ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத இந்தத் தெருவினுடையது.

ஏன் அவ்வளவு நிலம்? தெருவின் மடக்கில் நின்று நிமிர்ந்தால் கூரைக்கு மேலே மலை தெரிகிறது. அங்கே ஒரு விளம்பரத் தட்டியோ பல மாடி விடுதியோ சரிவைச் சீவிய வெட்டோ தெரிந்தால், கீழே எவ்வளவு அழிகளை இழைத்து வைத்தாலும் தெரு பொம்மையாகிவிடும். கண்ணுக்கு இதமாக இருப்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. இந்த வீடுகளின் பலகை அந்தச் சரிவிலிருந்து வந்தது, கூரைக் கல் கீழே ஓடும் அராராகி ஆற்றிலிருந்து வந்தது, வயலுக்கு நீர் அந்த ஓடையிலிருந்து வருகிறது. தெருவின் காரணம் தெருவுக்கு வெளியே இருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் காப்பவர்கள், ஒரு தலைமுறைக்குப் பின் என்ன காக்கிறோம் என்று தெரியாமல் நிற்பார்கள்.

அந்த எல்லைக்குள் நடந்து பார்த்தால் இது விளங்கும். தெருவின் தென்முனையிலிருந்து மாகோமே வரை சுமார் எட்டுக் கிலோமீட்டர் மலைப்பாதை. ஓதுமாகோ என்ற சிற்றூர் முதலில் வரும். பக்கவாட்டில் தீத்தடுப்புச் சுவர்க்காதுகள் நீட்டிய பெரிய வீடுகள், அவற்றில் சில இன்றும் விடுதிகள். பிறகு ஆண் அருவி, பெண் அருவி என இரண்டு. கல் பாவிய ஏற்றம். கரடிக்கு எச்சரிக்கையாக அடிக்க ஆங்காங்கே மணிகள். ஒரு பழைய தேநீர்ச் சாவடி. ஏறத்தாழ 800 மீட்டர் உயரக் கணவாய். இடையிடையே தாழ்வாரத்தில் உலரும் விறகு, கைப்பிடி அளவு நெல்வயல், ஹினோக்கித் தோப்பின் இருட்டு. அராராகியில் ஹினோக்கியை மெல்லிய நாடாவாகச் சீவிப் பின்னும் தொப்பி ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த தொழில். நாகிசோவின் கடைசல் மரப்பாத்திரங்கள் நாட்டின் மரபுக் கைவினைப் பட்டியலில் 1980-இல் சேர்ந்தவை. இவை தெருவில் விற்பனைக்கு இருக்கின்றன. மலை இல்லாவிட்டால் இருக்காது.

மாகோமே வேறு விதமான ஊர். 1895-இல் பெருந்தீயில் எரிந்து, பின்னும் எரிந்து, மறுபடி கட்டியது. சரிவான கல்தெரு, பார்க்க மிக அழகு, நிறையக் கடை. 2005-இல் நாகானோவை விட்டு அண்டை மாகாணமான கிஃபுவின் நகாத்சுகாவா நகரோடு சேர்ந்துகொண்டது. ஒரே கணவாயின் இரு பக்கமும் இன்று இரண்டு மாகாணங்கள்.

இயற்கை என்று சொல்லும்போது கைபடாத ஒன்றைச் சொல்லவில்லை. நாகிசோ ரயில் நிலையத்துக்கு அருகே கிசோ ஆற்றின் மேல் 247 மீட்டர் நீளத்தில் மரத்தளம் போட்ட ஒரு தொங்குபாலம் இருக்கிறது. ஃபுகுசாவா மோமோசுகே என்ற தொழிலதிபர், நீர்மின் நிலையம் கட்டப் பொருள்களைக் கொண்டுபோக 1922-இல் அமைத்தது. கிசோ நீர் அப்போதிருந்து தொலைவு நகரங்களின் விளக்குகளை எரிக்கிறது. பழுதாகிக் கிடந்த அந்தப் பாலத்தையும் நகராட்சி 1990-களில் மீட்டது. இன்று அது தேசியப் பண்பாட்டுச் சொத்து. சாமுராய் காலத்துத் தெருவைக் காக்கும் ஊர், இருபதாம் நூற்றாண்டின் பொறியியலையும் தன்னுடையது என்று ஏற்றதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அதே மலை கொல்லவும் செய்யும். 2014 ஜூலை 9 அன்று கனமழையில் நாகிசோவின் ஓர் ஓடை பாறையும் மண்ணுமாக இறங்கியது. ஒரு சிறுவன் உயிரிழந்தான். ரயில் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. செங்குத்துச் சரிவும் உதிரும் கருங்கல் மண்ணும் உள்ள இந்தப் பக்கத்தில் இது புதிதல்ல. முன்பு மாண்டவர்களுக்காக நட்ட கல் ஒன்றும் அங்கே நிற்கிறது. காடு சரியாக இருந்தால் எல்லாம் தடுக்கப்படும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நட்டுவிட்டு ஆள் இல்லாமல் கைவிடப்பட்ட தோப்பில் வெளிச்சம் தரையில் படாது, அடிச்செடி முளைக்காது, மண் பிடிப்பிழக்கும். மலையைக் காப்பது என்றால் எல்லைக்கோடு வரைவதோடு முடிவதில்லை; அரிவாளோடு ஏறுகிற ஆட்கள் வேண்டும்.

அந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நாகிசோவின் மக்கள்தொகை இன்று ஏறத்தாழ நாலாயிரம். அவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் 65 வயதைக் கடந்தவர்கள். கணவாயில் நடக்கிறவர்களில் இப்போது வெளிநாட்டவர் பெரும் பங்கு. அவர்கள் வந்து போகிறவர்கள். தோப்பைக் கழிக்கவும் வயலில் நீர் பாய்ச்சவும் கூரையில் ஏறவும் தங்குகிறவர்கள் வேண்டும்.

இங்கேதான் அந்த மூன்று விதிகளில் நடுவில் இருப்பதைப் பற்றி என் கருத்தைச் சொல்ல வேண்டும். வாடகைக்கு விடமாட்டோம் என்பது 1971-இல் மிகச் சரியான முடிவு. வாசலில் நின்றது பெருமுதல். இன்று அந்த வாசலில் வந்து நிற்கக்கூடியது, நகரத்தை விட்டு மலையில் வாழ விரும்பும் ஓர் இளம் தம்பதியாக இருக்கலாம். தச்சு கற்க வந்த ஒருவராக இருக்கலாம். அவரால் வாங்கவும் முடியாது, வாடகைக்கும் கிடைக்காது என்றால் வீடு பூட்டியே இருக்கும், பூட்டிய மரவீடு சீக்கிரம் மக்கும். விதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. யாருக்கு எதிராக எழுதியதோ அவருக்கு எதிராக அது இன்னும் வேண்டும். குடியிருந்து உழைக்க வருகிறவருக்கு, சங்கமே இடைநின்று, தெருவின் எல்லாக் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டு, வீட்டைக் கைமாற்றிக் கொடுக்கும் ஒரு வழி வேண்டும் என்கிறேன். அந்த வழியைத் தோக்கியோவில் இருக்கும் அமைச்சகமோ பார்வையாளனான நானோ வகுத்துக் கொடுக்க முடியாது. ஜன்னல் சட்டத்தையும் கடைப் பலகையையும் இத்தனை ஆண்டுகளாகத் தாங்களே உட்கார்ந்து முடிவுசெய்த அந்த ஊர்க்குழுவால் முடியும். வயலும் தோப்பும் ஓடையும் சேர்ந்த மூவாயிரம் ஏக்கரை ஏற்கெனவே தங்கள் தெருவின் பகுதியாகக் கணக்கில் எழுதியவர்கள் அவர்கள். அந்தக் கணக்கில் இனி வரப்போகும் குடும்பங்களையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.